ஐந்தாண்டுக் குத்தகை

சித்தூர் எல்லையோரம் ஒரு தனித்தொகுதி. 45 ஆயிரம் ஓட்டில் ஜெயித்த கட்சி, அடுத்த தேர்தலிலேயே 26 ஆயிரம் ஓட்டில் தோற்றது. கங்காதர நெல்லூரில் நடந்தது என்ன? அமெரிக்காவின் டெக்சாஸ் எல்லை வரை அந்தக் கணக்கு பொருந்துவது எப்படி?

தை, மாசியில் சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளுக்கு வியாபாரிகள் வருவார்கள். காய் பார்க்க வருவதில்லை. பூ பார்க்க வருகிறார்கள். மரத்தை அண்ணாந்து ஒரு சுற்று சுற்றி, எத்தனை டன் தேறும் என்று மனக்கணக்குப் போட்டு, அங்கேயே விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அதுதான் குத்தகை. மழை பொய்த்தாலும் காற்றில் பிஞ்சு உதிர்ந்தாலும் நஷ்டம் குத்தகைக்காரருக்கு. அமோகமாகக் காய்த்தால் லாபமும் அவருக்கே. ஆனால் மரம் ஒருநாளும் அவருடையதாகாது.

ஆந்திர அரசியல் கட்சிகளுக்கு இந்தப் பாடத்தை 2024 ஜூன் 4 அன்று கங்காதர நெல்லூர் நடத்திக் காட்டியது. 2019-இல் இந்தத் தொகுதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் கே. நாராயணசாமி 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-இல் அதே கட்சி நிறுத்திய அவருடைய மகள் கிருபா லட்சுமி, தெலுங்கு தேசத்தின் மருத்துவர் வி.எம். தாமஸிடம் சுமார் 26 ஆயிரம் ஓட்டில் தோற்றார். இரண்டையும் கூட்டினால் 71 ஆயிரம்.

ஒருவர் அணி மாறினால் வித்தியாசம் இரண்டு மாறும். ஆக, புதிதாகச் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் கணக்கைத் தள்ளிவைத்தால், ஏறத்தாழ 35 ஆயிரம் பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கிறார்கள். இரண்டு லட்சம் வாக்காளர்கள் கொண்ட ஊர்ப்புறத் தொகுதியில், வாக்குச்சாவடி வரிசையில் நின்றவர்களில் ஐந்தில் ஒருவர். அவர்கள் ஏன் போனார்கள் என்பதில்தான் கூட்டணி அரசியலின் முழுப் பாடமும் இருக்கிறது.

எல்லையில் ஒரு தொகுதி

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் இருக்கிறது ஊர். கடலோரத்துப் பெரிய நெல்லூரோடு குழம்பக்கூடாது என்று முன்னால் ‘கங்காதர’ சேர்ந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஜி.டி. நெல்லூர்’. பெனுமூர், வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம், ஸ்ரீரங்கராஜபுரம், பாலசமுத்திரம், கங்காதர நெல்லூர் என ஆறு மண்டலங்கள். பெரிய நகரம் ஒன்றும் கிடையாது. மாம்பழம், கரும்பு, வெல்லம், பால் ஆகியவைதான் பிழைப்பு. பாலசமுத்திரத்தைத் தாண்டினால் நம் பள்ளிப்பட்டு.

1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து உருவாக்கிய மாவட்டம் சித்தூர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் மையம் இந்த மண்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கமே நின்றன. அதனால் இன்றும் எல்லையோர ஊர்களில் வீட்டுக்குள் ஒரு மொழி, தாலுகா ஆபீசில் ஒரு மொழி. நோய் வந்தால் வேலூர், வேலைக்குச் சென்னை அல்லது பெங்களூரு, ஓட்டுக்கு மட்டும் ஊர். 2024 மே 13 வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவுகளில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்திலிருந்து ஆந்திரம் நோக்கிப் பேருந்துகளும் ரயில்களும் பிதுங்கி வழிந்தன. அன்று மாநிலத்தில் பதிவான வாக்கு 80 சதவீதத்தைத் தாண்டியது.

தொகுதி பிறந்தது 2008 மறுவரையறையில். அதற்கு முன் இங்கே வேப்பஞ்சேரி என்ற தனித்தொகுதி இருந்தது. அங்கிருந்து பலமுறை காங்கிரஸ் சார்பில் வென்றவர் மருத்துவர் கும்மடி குதூஹலம்மா. அமைச்சராக இருந்தார், 2007 முதல் 2009 வரை சட்டமன்றத் துணை சபாநாயகர். 2009-இல் கங்காதர நெல்லூரின் முதல் எம்.எல்.ஏ.வும் அவரே. மாநிலம் பிரிந்ததும் ஆந்திரத்தில் காங்கிரஸ் சரிந்தது. 2014-இல் தெலுங்கு தேசத்தில் நின்ற அவரை நாராயணசாமி சுமார் 20 ஆயிரம் ஓட்டில் தோற்கடித்தார். 2019-இல் குதூஹலம்மாவின் மகன் ஹரிகிருஷ்ணா நின்றார். தோல்வி இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 2023-இல் குதூஹலம்மா மறைந்தார். ஒரு குடும்பம், இரண்டு கட்சி, ஒரே தொகுதி. தலைவர் கட்சி மாறினார். தொண்டர்கள் கூடவே போகவில்லை.

தனித்தொகுதியின் தனிக் கணக்கு

தனித்தொகுதியில் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் பட்டியல் சாதியினர். ஆகவே ‘நம்ம ஆளு’ என்ற முதல் அழைப்பு அங்கே பாதி அடிபட்டுப்போகிறது. பட்டியல் சாதி ஓட்டு இரண்டு பக்கமும் பிரியும். மிச்சமிருக்கும் பெரும்பான்மை யார் பக்கம் சாய்கிறதோ, அவரே எம்.எல்.ஏ. ரெட்டி, நாயுடு குடும்பங்கள் மண்டல அளவில் கட்சியைக் கையில் வைத்திருக்கும். பிற்படுத்தப்பட்டோர் எண்ணிக்கையில் அதிகம். தொகுதி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்றாலும், அங்கே ஜெயிக்க தலித் அல்லாதவர்களின் கூட்டணியைக் கட்ட வேண்டும். அதனால்தான் தனித்தொகுதியைப் பார்த்தால் மாநிலத்தில் எந்தக் கூட்டணி உருவாகிறது, எது உடைகிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. வேட்பாளரின் சாதி என்ற திரை அங்கே இல்லை.

2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைவர் ஜெகன்மோகன் ரெட்டி கட்டிய கூட்டணி அசாதாரணமானது. ரெட்டிகள், தலித்துகள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் ஆகியோர் தந்தையின் காங்கிரஸிலிருந்து வந்த சொத்து. அதோடு, என்.டி. ராமாராவ் காலத்திலிருந்து தெலுங்கு தேசத்தின் முதுகெலும்பாக இருந்த பிற்படுத்தப்பட்டோரில் ஒரு பெரும் பகுதியையும் அவர் பிய்த்தெடுத்தார். 2017 நவம்பரில் தொடங்கிய 3,648 கிலோமீட்டர் நடைப்பயணம், ‘நவரத்தினங்கள்’ என்ற ஒன்பது வாக்குறுதி, ‘ஒரே ஒரு சான்ஸ்’ என்ற வேண்டுகோள், பின்னணியில் பிரசாந்த் கிஷோர் உருவாக்கிய ஐ-பேக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து 175-இல் 151 இடங்கள் கிடைத்தன. ஓட்டில் ஏறத்தாழ 50 சதவீதம். ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13 அவருக்கு. மிஞ்சியது குப்பம் மட்டும். தெலுங்கு தேசத் தலைவர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி.

ஆட்சி அமைத்ததும் ஜெகன் ஐந்து துணை முதல்வர்களை நியமித்தார். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், காப்பு சமூகம் ஆகியவற்றுக்குத் தலா ஒருவர். பட்டியல் சாதிக்கான நாற்காலியில் அமர்ந்தவர் கங்காதர நெல்லூர் எம்.எல்.ஏ. நாராயணசாமி. தான் கட்டிய கூட்டணியை ஜெகன் அப்படியே அமைச்சரவையில் படமாக மாட்டிவைத்தார். அந்தப் படத்தில் இருந்த ஓர் ஆளின் தொகுதியே அடுத்த தேர்தலில் கைவிட்டுப் போனது.

‘லப்திதாருலு’

தெலுங்கில் நலத்திட்டப் பயனாளிகளை ‘லப்திதாருலு’ என்பார்கள். 2019-க்குப் பின் ஆந்திர அரசியலில் அதிகம் புழங்கிய சொல் இதுவாகத்தான் இருக்கும். சாதி பார்த்துக் கட்டிய கூட்டணியை, பணம் போய்ச் சேரும் குடும்பங்களின் கூட்டணியாக மாற்ற வேண்டும் என்பதே ஜெகனின் திட்டம். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு ‘அம்ம ஒடி’ 15,000 ரூபாய், முதியோர் பென்ஷன், விவசாயிக்கு, நெசவாளிக்கு, ஆட்டோக்காரருக்கு என்று நேரடியாக வங்கிக் கணக்கில். ஐந்தாண்டில் சுமார் 2.7 லட்சம் கோடி ரூபாய் இப்படிப் போனதாக அந்த அரசே சொன்னது.

பணத்தைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று இருந்தது: கிராம வாலண்டியர். 2019 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஊர்ப்புறத்தில் 50 வீட்டுக்கு ஒருவர் என மாநிலம் முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள். மாதம் 5,000 ரூபாய். ஒன்றாம் தேதி விடிவதற்குள் பாட்டியின் வீட்டு வாசலில் பென்ஷனோடு நிற்பார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வருகிறது, யார் முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்கக் கட்சிகள் கோடிக்கணக்கான டாலரில் வாக்காளர் தகவல் தொகுப்பை வாங்கி, தன்னார்வலர்களை அனுப்பிக் கதவைத் தட்டித் திரட்டும் விவரம், இங்கே அரசுச் சம்பளத்தில் தானாகவே குவிந்தது.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஓட்டை இருந்தது. உதவி வாலண்டியர் வழியாக முதல்வரிடமிருந்து நேரே வந்தது. நடுவிலிருந்த எம்.எல்.ஏ., மண்டலத் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். ‘நான் சொன்னால் பென்ஷன் கிடைக்கும்’ என்று சொல்ல முடியாத உள்ளூர்க் கட்சிக்காரர், தேர்தல் நேரத்தில் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பார்? அதிலும் 2024 மார்ச் கடைசியில், வாலண்டியர்கள் பென்ஷன் வழங்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் தடை போட்டது. ஏப்ரல் வெயிலில் முதியவர்கள் கிராமச் செயலக வாசலில் நின்றார்கள். தடைக்குக் காரணம் நாயுடு என்றார் ஜெகன். வேறு ஊழியர்களை வைத்து வீட்டுக்கே கொடுத்திருக்கலாமே, வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள் என்றார் நாயுடு.

கட்சிகள் இன்னும் புரிந்துகொள்ளாத இடம் ஒன்று உண்டு. வாங்கியவர் தம்மைக் கடனாளியாக நினைப்பதில்லை. பென்ஷன் தொகையின் வரலாற்றைப் பாருங்கள். 200 ரூபாயாக இருந்ததை 2014-இல் நாயுடு ஆயிரம் ஆக்கினார். 2019 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு இரண்டாயிரம். ஜெகன் வந்து 2,250-இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி 2024 ஜனவரியில் மூவாயிரத்துக்குக் கொண்டுவந்தார். நாயுடு நாலாயிரம் என்றார். அதுவும் ஏப்ரலிலிருந்தே நிலுவையோடு என்றார். ஜெயித்த பின் ஜூலை 1 அன்று ஏழாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. இது ஏலம். ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்குத்தான் சரக்கு. முந்தைய முறை அதிக விலை கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எந்த மண்டியிலும் இல்லை.

எல்லைக் கல்லில் முதல்வர்

பணம் வந்தது, பயமும் கூடவே வந்தது. 2022-இல் நிறைவேறிய நில உரிமைச் சட்டம், நிலத் தகராறுகளைத் தீர்க்கும் முதல் அதிகாரத்தைச் சிவில் நீதிமன்றத்திலிருந்து அரசு நியமிக்கும் அதிகாரியிடம் தந்தது. மறு அளவை முடிந்த ஊர்களில் கொடுத்த பட்டா புத்தகத்தில் ஜெகனின் படம் அச்சாகியிருந்தது. வயலில் நட்ட எல்லைக் கல்லிலும் ஆட்சியின் முத்திரை.

தெலுங்கு தேசம் தன் பிரசாரத்தின் கூர்முனையாக இதைப் பிடித்துக்கொண்டது. சட்டத்தின் ஷரத்துகளை யாரும் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. ‘உன் தாத்தா வாங்கிய நிலத்தின் புத்தகத்தில் எதற்கு அவர் படம்?’ என்ற ஒரு கேள்வி போதும். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அம்ம ஒடியின் 15,000 பெரிதுதான். ஆனால் நிலப் புத்தகம் அதைவிடப் பெரிது. ஆட்சி மாறிய சில வாரங்களிலேயே அந்தச் சட்டம் ரத்தானது. இதோடு மதுக் கடைகளை அரசே நடத்தி, பேர் தெரியாத சரக்கை அதிக விலைக்கு விற்றதில் வந்த எரிச்சலும் சேர்ந்தது. கலால் துறை இருந்தது யாரிடம்? துணை முதல்வர் நாராயணசாமியிடம்.

நாற்காலி மாற்றும் விளையாட்டு

தம் மீது கோபம் இல்லை, எம்.எல்.ஏ.க்கள் மீதுதான் என்று ஜெகன் கணக்குப் போட்டார். ஏறத்தாழ 80 எம்.எல்.ஏ.க்கள் தொகுதி மாற்றப்பட்டார்கள், அல்லது கழற்றிவிடப்பட்டார்கள். கங்காதர நெல்லூரில் இந்த விளையாட்டு எல்லோரையும் தலைசுற்ற வைத்தது. முதலில் நாராயணசாமியைச் சித்தூர் எம்.பி. தொகுதிக்கும், எம்.பி. ரெட்டப்பாவைக் கங்காதர நெல்லூருக்கும் மாற்றினார்கள். பிறகு இருவரையும் பழைய இடத்துக்கே திருப்பினார்கள். கடைசியில் டிக்கெட் நாராயணசாமியின் மகளுக்குப் போனது. ஆள் மாற வேண்டும் என்று கேட்ட ஊருக்கு, அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆள்.

பக்கத்தில் நடந்தவை இன்னும் வேடிக்கை. சத்தியவேடு எம்.எல்.ஏ. ஆதிமூலத்தைத் திருப்பதி எம்.பி. தொகுதிக்கு அனுப்பப் பார்த்தது கட்சி. அவர் தெலுங்கு தேசத்துக்குப் போய், அதே சத்தியவேட்டில் நின்று வென்றார். சித்தூரில் சீட்டு மறுக்கப்பட்ட எம்.எல்.ஏ. ஆரணி ஸ்ரீநிவாசுலு பவன் கல்யாணின் ஜனசேனாவில் சேர்ந்து திருப்பதியில் நின்று வென்றார். வித்தியாசம் சுமார் 62 ஆயிரம். 2019-இல் அதே திருப்பதியை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வென்றது வெறும் 708 ஓட்டில்.

சிறைவாசலில் பிறந்த கூட்டணி

திருப்பதிக் கணக்கைப் புரிந்துகொள்ள 2009-க்குப் போக வேண்டும். நடிகர் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் தொடங்கி இரண்டு தொகுதியில் நின்றார். சொந்த மண்ணான பாலக்கொல்லுவில் தோற்றார், திருப்பதி காப்பாற்றியது. கடலோர மாவட்டங்களில் காப்பு என்று அழைக்கப்படும் சமூகத்தின் ராயலசீமா உறவுகளான பலிஜாக்கள் திருப்பதியில் கணிசமாக இருக்கிறார்கள். 2019-இல் தம்பி பவன் கல்யாண் தெலுங்கு தேசத்தோடு சேராமல் போட்டியிட, அந்த ஓட்டு சிதறியது. அவர் கட்சி வாங்கிய ஐந்தரை சதவீதம் ஒரே ஒரு எம்.எல்.ஏ.வைத்தான் தந்தது.

2023 செப்டம்பர் 9 அன்று நாயுடு கைதாகி ராஜமுந்திரிச் சிறைக்குப் போனார். ஐந்தாம் நாள் சிறையில் அவரைச் சந்தித்து வெளியே வந்த பவன் கல்யாண், வாசலிலேயே கூட்டணியை அறிவித்தார். 2024 மார்ச்சில் பா.ஜ.க.வும் சேர்ந்தது. முடிவு: கூட்டணிக்கு 164, ஜெகனுக்கு 11. கவனிக்க வேண்டிய எண் வேறு. ஜெகனுக்கு அப்போதும் 39 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு இருந்தது. 2019-இல் அதே 39 சதவீதத்தோடு நாயுடுவுக்குக் கிடைத்தது 23 இடம். இருமுனைப் போட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தும் ஒருவர் தரைமட்டமாகலாம். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள பத்துப் பேர்தான் ஆட்சியைத் தீர்மானிக்கிறார்கள்.

ஆனால் கூட்டணி என்றால் எல்லா ஓட்டும் எல்லோருக்கும் மாறிவிடும் என்று அர்த்தமில்லை. இதற்குச் சித்தூரையும் திருப்பதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் தனி மக்களவைத் தொகுதிகள். சித்தூரில் கூட்டணி சார்பில் தெலுங்கு தேசத்தின் தக்குமள்ள பிரசாத ராவ் நின்றார். இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். திருப்பதியில் கூட்டணி சார்பில் பா.ஜ.க.வின் வரபிரசாத ராவ். அந்த எம்.பி. தொகுதிக்குள் இருக்கும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளையும் கூட்டணி அள்ளியது. எம்.பி. மட்டும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் குருமூர்த்தி! சுமார் 14,500 ஓட்டில் தப்பித்தார். ஒரே நாள், ஒரே சாவடி, இரண்டு இயந்திரம். தெலுங்கு தேசத்தின் சைக்கிளுக்கோ ஜனசேனாவின் டம்ளருக்கோ ஓட்டுப் போட்ட கை, பக்கத்திலிருந்த தாமரைக்குப் போகத் தயங்கியிருக்கிறது. தலித், கிறிஸ்தவ, முஸ்லிம் வாக்காளரில் ஒரு பகுதியினர் நாயுடுவுக்குச் சம்மதித்து, மோடிக்குச் சம்மதிக்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

நகரியும் குப்பமும்

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த முகம் நகரியில் தோற்றது. ‘செம்பருத்தி’ ரோஜா 2014-இல் 858 ஓட்டிலும், 2019-இல் 2,708 ஓட்டிலும் ஜெயித்தவர். விசைத்தறி சத்தமும் தமிழும் கலந்த ஊர். மெல்லிய நூலில் தொங்கிய வெற்றி, 2024-இல் 45 ஆயிரம் ஓட்டுத் தோல்வியாக அறுந்தது.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் ஆட்டம் வேறு மாதிரி. 1989 முதல் நாயுடு அங்கே தோற்றதில்லை. அதை உடைக்க ஜெகன் நல்ல தந்திரம் வைத்திருந்தார். தொகுதியில் அதிகம் இருக்கும் வன்னியகுல க்ஷத்திரியர் சமூகத்தைச் சேர்ந்த பரத்தை மேலவை உறுப்பினராக்கி, வேட்பாளராக வளர்த்தார். 2019-இல் நாயுடுவின் வித்தியாசம் 30 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. 2021-இல் குப்பம் நகராட்சியும் ஜெகன் கட்சி கைக்கு வந்தது. ‘175-க்கு 175 ஏன் கூடாது?’ என்ற முழக்கத்தின் உயிர்நாடியே குப்பம்தான். 2023 ஜனவரி 27 அன்று நாயுடுவின் மகன் லோகேஷ் ‘யுவகளம்’ நடைப்பயணத்தைக் குப்பத்திலிருந்தே தொடங்கினார். சித்தூர் மாவட்டத்தையே முதலில் நடந்து முடித்தார். 2024-இல் நாயுடுவின் வித்தியாசம் மறுபடியும் 48 ஆயிரம். பதினான்கில் ஜெகனுக்கு மிஞ்சியது புங்கனூரும் தம்பள்ளபள்ளியும் மட்டும்.

ரியோ கிராண்டே கரையில்

இப்போது பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னோர் எல்லையோரம். டெக்சாஸில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டார் கவுண்டி. மறுகரை மெக்சிகோ. மக்கள்தொகையில் 97 சதவீதம் ஸ்பானிய வம்சாவளியினர். ஏழை மாவட்டம். வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி. 1892-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு அது ஓட்டுப் போட்டதே இல்லை. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் அங்கே 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2020-இல் ஜோ பைடனுக்கு அது ஐந்தாகச் சுருங்கியது. 2024-இல் டிரம்ப் 16 புள்ளி முன்னிலை.

வெள்ளையரல்லாதோர் தம் கட்சியை விட்டுப் போகமாட்டார்கள் என்று ஜனநாயகக் கட்சி நம்பியிருந்தது. குடியேற்றம் பற்றி டிரம்ப் பேசும் பேச்சு ஸ்பானிய வம்சாவளியினரைத் தம் பக்கம் கட்டிவைக்கும் என்று கணக்குப் போட்டது. எல்லையில் வாழ்கிறவர்களின் கணக்கு வேறு. எல்லைக் காவல் படையில் பிள்ளைக்கு வேலை, எண்ணெய் வயலில் அண்ணனுக்கு வேலை, கடையில் முட்டை விலை. தேசிய அளவிலும் அந்தச் சமூகத்தின் ஓட்டில் பாதிக்குச் சற்றே குறைவாக டிரம்புக்குப் போனதாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு காட்டியது.

திருப்பதியில் நடந்ததே அங்கேயும் நடந்தது. ஸ்டார் கவுண்டி அடங்கிய காங்கிரஸ் தொகுதியில் அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவேயார் வென்றார். அரிசோனா, நெவாடா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் டிரம்ப் வென்றார். செனட் இடங்களை ஜனநாயகக் கட்சி வென்றது. அங்கேயும் வாக்காளர் கட்சியை மொத்தமாக வாங்குவதில்லை. சில்லறையாகப் பொறுக்கி எடுக்கிறார்.

அமெரிக்காவில் இது புதிதல்ல. 1930-களில் ரூஸ்வெல்ட் தொழிலாளர்களையும், தென்மாநில வெள்ளையரையும், வடக்கே குடியேறிய கறுப்பினத்தவரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தார். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் தென்மாநில வெள்ளையர் எழுந்து போகத் தொடங்கினார்கள். பந்தலில் ஒருவருக்குச் செய்வது இன்னொருவருக்கு உறுத்துவது எல்லாக் கூட்டணிக்கும் உள்ள நோய். இரண்டு நாட்டுக்கும் வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் கூட்டணி கட்சிக்குள்ளேயே நடக்கிறது, மாற்றம் தலைமுறை கணக்கில் வருகிறது. இங்கே கூட்டணி கட்சிகளுக்கு நடுவே நடக்கிறது, அதனால் ஐந்தே ஆண்டில் தலைகீழாகிறது. ஸ்டார் கவுண்டிக்கு 132 ஆண்டுகள் ஆயின. கங்காதர நெல்லூருக்கு ஒரு குத்தகைக் காலம் போதும்.

அடுத்த விரிசல்

இன்றைய வெற்றிக் கூட்டணிக்கும் விரிசல் காத்திருக்கிறது. பட்டியல் சாதிக்குள் உள்ஒதுக்கீடு என்பது ஆந்திரத்தில் முப்பதாண்டுக் கோரிக்கை. 1994-இல் மந்த கிருஷ்ண மாதிகா தொடங்கிய தண்டோரா இயக்கம், மாலா சமூகமே அதிக இடங்களைப் பெறுகிறது, மாதிகாக்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றது. நாயுடு அரசு கொண்டுவந்த சட்டத்தை 2004-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றி, உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. 2025 ஏப்ரலில் ஆந்திர அரசு 15 சதவீதத்தைப் பிரித்தது: ரெல்லி உள்ளிட்ட பிரிவுக்கு 1, மாதிகா பிரிவுக்கு 6.5, மாலா பிரிவுக்கு 7.5. தமிழ்நாட்டில் 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீதம் தந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

தனித்தொகுதியில் இதன் பொருள் பெரிது. இதுவரை ‘பட்டியல் சாதி ஓட்டு’ என்று ஒரே மூட்டையாகப் பேசியவர்கள் இனி மூட்டையை அவிழ்த்து எண்ண வேண்டும். மாதிகா பக்கம் கிடைப்பது மாலா பக்கம் போய்விடுமா என்பது 2029-இல்தான் தெரியும்.

காய்க்கு விலை

2025 மார்ச் 1 அன்று முதல்வர் நாயுடு கங்காதர நெல்லூருக்கே வந்து பென்ஷன் வழங்கினார். தொகுதியின் விலை என்னவென்று அவருக்குத் தெரியும். மூன்றே மாதத்தில் மாம்பழக் காலம் வந்தது. தோதாபுரி, நம் ஊர்க் கிளிமூக்கு, அமோக விளைச்சல். கூழ் ஆலைகளில் போன வருடத்துச் சரக்கே மிச்சமிருக்க, விலை பாதாளத்தில் விழுந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். அண்டை மாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா கடிதம் எழுதினார். ஜூலை 9 அன்று ஜெகன் பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்கு வந்தார். 2002-இல் மூடிய சித்தூர்ப் பால் பண்ணையை அமுல் வழியாகத் திறப்பதாகத் தம் ஆட்சியில் 2023-இல் அடிக்கல் நாட்டிய அதே ஜெகன், இப்போது மாங்காய்க்கு விலை கேட்டு வந்து நின்றார்.

அந்தப் பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டரோடு காத்துக் கிடந்தவர்களில் 2019-இல் ஒரு பக்கமும் 2024-இல் மறுபக்கமும் குத்தியவர்கள் இருந்திருப்பார்கள். கட்சிகள் அவர்களை ‘ரெட்டி ஓட்டு’, ‘பி.சி. ஓட்டு’, ‘லப்திதாரர் ஓட்டு’ என்று தனித்தனிக் கூடையில் போட்டு எடை பார்க்கின்றன. வரிசையில் நிற்பவருக்குத் தெரிந்தது ஒரே எடை: வண்டியில் இருக்கும் காய், அதற்குக் கையில் வரும் காசு.

அடுத்த தை மாதம் மறுபடியும் பூக்கும். வியாபாரி மறுபடியும் வந்து அண்ணாந்து பார்ப்பார். போன வருடம் வாங்கியவருக்கே இந்த வருடமும் கொடுக்க வேண்டும் என்று எந்தத் தோப்புக்காரரும் பத்திரம் எழுதிக் கொடுத்ததில்லை.